நீண்ட குத்தகையா, ஆண்டுக் குத்தகையா? ஓக் மரமா, மறுதாம்பா? 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து எஸ்டேட்டின் கணக்கு

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெரிய எஸ்டேட்டுகளைப் பற்றிப் படிக்கிறவர்கள், அந்தக் காலத்தை வைத்துக் கதை எழுதுகிறவர்கள், பொருளாதார வரலாற்றைப் பாடமாக எடுத்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பண்ணைகளை எப்படிக் குத்தகைக்கு விட்டால் லாபம்? காட்டை என்ன செய்தால் லாபம்: ஓக் மரத்தை முதிர விடுவதா, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைக்க விடும் மறுதாம்பா? பெரும்பாலான விளக்கங்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பேசிவிட்டுப் போய்விடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குத்தகைதாரரின் வேலியில் நிற்பது நிலக்கிழாரின் மரம், காட்டு மரத்தை ஆற்றங்கரை வரை இழுத்துப் போவது பல நேரம் குத்தகைதாரரின் வண்டி, அந்த மரம் விற்ற காசில்தான் அவருடைய களஞ்சியத்துக்குக் கூரை போடுகிறார்கள். ஆகவே இது ஒரே முடிவு, இரண்டு பகுதிகள் கொண்டது.

பேச வசதியாக ஒரு எஸ்டேட்டை மனதில் வைத்துக்கொள்வோம். 1760, மூன்றாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த வருடம். 5,000 ஏக்கர், இருபது பண்ணைகள், 500 ஏக்கர் காடு, கொஞ்சம் தரிசு மேட்டு நிலம். அப்பா இறந்து இளைஞர் ஒருவர் கைக்கு வருகிறது. எண்கள் நான் வைத்தவை. சட்டமும் விலையும் பழக்கமும் அந்தக் காலத்து நிஜம்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

சட்டப்படி கை எவ்வளவு நீளும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெரிய குடும்பங்களில் பெரும்பாலோர் நிலத்தின் முழு உரிமையாளர்கள் இல்லை. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் வழக்கறிஞர்கள் உருவாக்கிய குடும்ப உடன்படிக்கை முறையில், இப்போது இருப்பவருக்கு ஆயுள்கால அனுபோகம் மட்டும்தான். சொத்து இன்னும் பிறக்காத மகனுக்கு எழுதப்பட்டிருக்கும். ஆயுள்கால உரிமையாளர் விற்க முடியாது. பத்திரத்தில் தனி அதிகாரம் இல்லையென்றால் அவர் கொடுத்த குத்தகை அவர் மரணத்தோடு முடிந்துவிடும். அந்த அதிகாரம் பெரும்பாலும் 21 ஆண்டு வரை, மேற்கு மாவட்டங்களில் மூன்று உயிர் வரை, அதாவது பெயர் குறித்த மூன்று பேரின் ஆயுள் முடியும்வரை, என்று எழுதப்பட்டது. மரத்துக்கும் அப்படித்தான்: சொத்துச் சேதத்துக்குப் பொறுப்பாக்கக் கூடாது என்ற வாசகம் பத்திரத்தில் இல்லாமல் ஓக் மரத்தில் கோடாலி வைத்தால், வாரிசின் தரப்பு நீதிமன்றத்துக்குப் போகலாம். அதனால் எதை யோசிப்பதற்கும் முன்னால் பத்திரப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

பணம் எப்போது வரும். வருடா வருடமா, மொத்தமாக ஒருமுறையா, பேரன் காலத்திலா?

முதலீடு யார் தலையில். வீடு, களஞ்சியம், வடிகால், வேலி, நிலத்துக்கு மார்ல் என்ற சுண்ணாம்புக் களிமண் அடிப்பது, இதெல்லாம் யார் செலவு?

விலை ஏறி இறங்கினால் யார் தாங்குவார். 1730 முதல் 1750 வரை தானிய விலை படுத்துக் கிடந்தது, குத்தகை பாக்கி குவிந்தது. 1790-களில் அதே விலை எகிறியது. ஒரே நூற்றாண்டுக்குள் இரண்டும்.

மேற்பார்வை. நிலக்கிழார் லண்டனில் இருக்கிறாரா, ஊரில் இருக்கிறாரா, காரியஸ்தர் எப்படிப்பட்டவர்.

காட்டுக்கு மட்டும் இன்னொன்று: தண்ணீர் எவ்வளவு தூரம். 1720-களில் சசெக்ஸ் வழியாகப் போன எழுத்தாளர் டேனியல் டீஃபோ, ஒரே ஒரு மரத்தை 22 எருதுகள் இழுத்துப் போவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். மழை பிடித்துவிட்டால் பாதை சேறாகி, மரம் வழியிலேயே கிடந்து, சாத்தம் கப்பல்துறை போய்ச் சேர இரண்டு மூன்று வருடம்கூட ஆகுமாம். படகு போகும் ஆறு பக்கத்தில் இல்லாத காட்டுக்கு மரத்தின் விலை என்பதே வேறு.

## பண்ணைகள்: நான்கு வழிகள்

### மூன்று உயிர்க் குத்தகை

டெவன், கார்ன்வால், லங்காஷயர் பக்கத்துப் பழைய முறை. குத்தகைதாரர் மூன்று பேர் பெயரைச் சொல்வார். அந்த மூவரில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும் வரை நிலம் அவருடையது. சேரும்போது பல ஆண்டு வாடகைக்கு ஈடான பெரிய முன்தொகை, அப்புறம் வருடா வருடம் பெயரளவுக்கு ஒரு சிறு தொகை. ஒருவர் இறந்தால் இன்னொரு தொகை கட்டி வேறு பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். சின்னக் குழந்தைகளின் பெயரைப் போடுவது வழக்கம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நிலக்கிழாருக்குக் கையில் மொத்தமாகக் காசு வேண்டும் என்றால் இது இனிக்கும். மகள் கல்யாணம், தேர்தல் செலவு, கடன் எல்லாவற்றுக்கும் உடனே பணம். இன்னொரு லாபம் அரசியல்: உயிர்க் குத்தகை சட்டத்தின் பார்வையில் ஃப்ரீஹோல்ட், அதாவது சொந்த நிலம் போன்ற உரிமை, என்பதால், ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்பு இருந்தால் குத்தகைதாரருக்கு மாவட்டத் தேர்தலில் ஓட்டு உண்டு, அந்த ஓட்டு எந்தப் பக்கம் விழும் என்று நிலக்கிழாருக்குத் தெரியும். (99 ஆண்டு, ஆனால் மூன்று உயிரோடு முடியும் என்று எழுதினால் ஓட்டு கிடையாது. ஒரு வாசகத்தில் இவ்வளவு வித்தியாசம்.)

மறைந்திருக்கும் செலவு பெரியது. வருமானம் மரணத்தை நம்பி இருக்கிறது. மூவரும் எழுபது வயது வரை வாழ்ந்தால் ஒரு தலைமுறை நிலக்கிழாருக்குப் பைசா ஏறாது, நிலத்தின் நிஜ மதிப்பு எத்தனை மடங்கு ஏறியிருந்தாலும். குத்தகைதாரருக்கும் இது முழு நன்மை இல்லை. நிலத்தில் போட வேண்டிய முதலை முன்தொகையாகக் கொடுத்துவிட்டு, மாடு வாங்கக் கடன் வாங்குவார். கடைசி உயிர் தளர்ந்து படுத்துவிட்டால் யாரும் அந்த நிலத்தில் உரம் போட மாட்டார்கள்.  நூற்றாண்டு முடிவதற்குள் மேற்கு மாவட்டங்களும் உயிர்க் கணக்கை விட்டு, இத்தனை ஆண்டு என்று குறித்த குத்தகைக்கு மெல்ல வந்தன.

### 21 ஆண்டு, நிபந்தனைகளோடு

இதுதான் அந்தக் காலத்து விவசாய எழுத்தாளர்கள் தூக்கிப் பிடித்த முறை. ஆர்தர் யங் இதற்காக வாழ்நாள் முழுக்க வாதாடினார். நார்ஃபோக்கின் ஹோல்கம் எஸ்டேட் இதற்குப் பேர்போன உதாரணம். 1776-ல் பொறுப்புக்கு வந்த தாமஸ் கோக்குக்குத்தான் மொத்தப் பெருமையும் போகிறது, ஆனால் அவருக்கு முன்பே அந்தக் குடும்பம் நீண்ட குத்தகைகளைக் கொடுத்து வந்திருக்கிறது. அவர் பெரிதாக்கினார், ஊரறியச் செய்தார்.

வேலை செய்யும் விதம் எளிது. நார்ஃபோக்கின் மணல் நிலத்தில் மார்ல் அடிக்க வேண்டும், கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்று நான்கு ஆண்டுச் சுழற்சி வர வேண்டும், டர்னிப் தின்ன ஆடு வேண்டும். முதல் சில வருடங்கள் செலவு மட்டும்தான். அந்தக் காசு திரும்பி வரும்வரை நிலம் தன் கையில் இருக்கும் என்ற உறுதி இல்லாமல் எந்த விவசாயி முதல் போடுவார்? அந்த உறுதிதான் 21 ஆண்டு. பதிலுக்கு நிலக்கிழார் வீடும் களஞ்சியமும் கட்டிக் கொடுக்கிறார். ஹோல்கத்தில் சாமுவேல் வயட் என்ற கட்டடக் கலைஞரையே பண்ணைக் கட்டடங்களுக்கு அமர்த்தினார்கள்.

நிபந்தனைகள்: தானியப் பயிரை இரண்டு முறை தொடர்ந்து போடக் கூடாது, பழைய புல்வெளியை அனுமதியில்லாமல் உழக் கூடாது, வைக்கோலையும் எருவையும் பண்ணைக்கு வெளியே விற்கக் கூடாது. மீறினால் ஏக்கருக்கு இவ்வளவு என்று அபராதம்.

சரி, இதில் என்ன குறை? விலை. 1790-ல் ஒரு குவார்ட்டர் கோதுமை, அதாவது எட்டு புஷல், சராசரியாக 55 ஷில்லிங்கை ஒட்டி இருந்தது. 1801-ல் 119 ஷில்லிங் 6 பென்ஸ். 1788-ல் 21 ஆண்டுக்கு எழுதிக் கொடுத்த நிலக்கிழார் இந்த ஏற்றம் முழுவதையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். விலை விழும்போதாவது குத்தகை அவரைக் காப்பாற்றுமா என்றால், அதுவும் இல்லை. 1813-க்குப் பிறகு விலை சரிந்தபோது உச்ச விலையில் எழுதிய குத்தகைகள் தாளில் இருந்தன, கொடுக்கக் காசு இல்லை. ஜப்தி செய்து பண்ணையைக் காலி செய்தால் அடுத்த ஆள் அதைவிடக் குறைவாகத்தான் கேட்பார். விலை ஏறினால் நீண்ட குத்தகை நிலக்கிழாரைக் கட்டும், இறங்கினால் அவர்தான் தள்ளுபடி கொடுப்பார். இந்தச் சமமின்மை தெரிந்தும் நான் இதையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் மோசமான நிலத்தை நல்ல நிலமாக்கிய காசு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கணிசமான பகுதி குத்தகைதாரரின் பையிலிருந்துதான் வந்திருக்கிறது.

கடைசி நான்கு வருடம் இன்னொரு ஆபத்து. போகப் போகிறவர் நிலத்தை உறிஞ்சிவிட்டுப் போவார். குத்தகை முடிய சில ஆண்டு இருக்கும்போதே புதுப்பித்துக் கொடுப்பது ஒன்றுதான் இதற்கு நல்ல மருந்து. நிபந்தனைத் தாள் மட்டும் போதாது, அதை மாதாமாதம் வயலில் போய்ப் பார்க்கும் ஆள் இருந்தால்தான் அது நிபந்தனை.

### ஆண்டுக் குத்தகை

வருடா வருடம் தானாகத் தொடரும். எடுக்க வேண்டுமானால் அரை ஆண்டு முன்னறிவிப்பு. மார்ச் 25 லேடி டே, செப்டம்பர் 29 மைக்கேல்மஸ், இந்த இரண்டு நாட்களைச் சுற்றித்தான் வாடகையும் அறிவிப்பும்.

கேட்டால் குத்தகைதாரருக்கு அநியாயம் போலத் தெரியும். ஆனால் மிட்லண்ட்ஸ் மாவட்டங்களின் பல பெரிய எஸ்டேட்டுகளில் இந்த முறையிலேயே அப்பா, மகன், பேரன் என்று ஒரே பண்ணையில் இருந்திருக்கிறார்கள். அங்கே பாதுகாப்பு பத்திரத்தில் இல்லை, குடும்பத்தின் பெயரில் இருந்தது. நியாயமான நிலக்கிழார், ஊரிலேயே இருக்கிறவர், திடீரென வாடகையை ஏற்றாதவர் என்ற பெயர் இருந்தால் மக்கள் நம்பி முதல் போட்டார்கள். அந்தப் பெயர் வாரிசுக்குத் தானாகப் போய்ச் சேராது. புதிதாக வந்தவர் சூதாடி என்று தெரிந்த அன்றே குத்தகைதாரர்கள் வடிகால் வெட்டுவதை நிறுத்துவார்கள்.

சொல்லப்படாத இன்னொரு செலவு: வேட்டை. 1671-ன் வேட்டைச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுண்ட் மதிப்புள்ள சொந்த நிலம் போன்ற தகுதி உள்ளவர்தான் முயலையோ கௌதாரியையோ சுடலாம். தன் பயிரைத் தின்னும் காட்டு முயலை விவசாயி தொட முடியாது. 21 ஆண்டுப் பத்திரம் வைத்திருப்பவர் காரியஸ்தரிடம் போய்ச் சண்டையாவது போடுவார். ஆண்டுக் குத்தகைக்காரர் வாயைத் திறக்க யோசிப்பார். காட்டை ஒட்டிய பண்ணைகளுக்கு இந்த இழப்பு நிஜமானது, வாடகையில் அதைக் கழித்துக் கொடுப்பதுதான் நேர்மை.

### சொந்தமாக உழுவது

இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1730, 40-களில் குத்தகைக்கு ஆள் கிடைக்காமல் பல பண்ணைகள் நிலக்கிழார் கையிலேயே வந்து விழுந்தன; அதில் விரும்பிச் செய்தவர்கள் குறைவு. கூலி, மாடு, விதை, மேலாள் சம்பளம் எல்லாம் ஒருவர் தலையில், அதோடு தானியம் விற்கும் திறமையும் வேண்டும். வீட்டுப் பண்ணை ஒன்றை மாதிரிக்காக வைத்துக்கொள்வது வேறு. மூன்றாம் ஜார்ஜ் மன்னரே வின்ட்சரில் நதானியேல் கென்ட் என்ற நில நிர்வாகியை வைத்து அதைச் செய்தார், புது விதை, புது ஆட்டினத்தைக் குத்தகைதாரர்கள் கண்ணால் பார்க்க அது உதவும். ஆனால் அந்த நூற்றாண்டின் பேர்பெற்ற கால்நடை வளர்ப்பாளர் ராபர்ட் பேக்வெல், லெஸ்டர்ஷயரின் டிஷ்லியில் ஒரு குத்தகைதாரர் என்பதை மறக்காதீர்கள். திறமை எங்கே இருந்ததோ அங்கே நிலத்தை விடுவதுதான் புத்தி.

| வழி | பணம் வரும் விதம் | மறைந்த செலவு | பொருந்தும் நிலைமை |
|---|---|---|---|
| மூன்று உயிர் | முன்தொகை மொத்தமாக, பிறகு சொற்பம் | பல பத்தாண்டு வறட்சி. நிலம் தேய்வது | உடனே பணம் தேவை, அந்த ஊர்ப் பழக்கமும் அதுவே |
| 21 ஆண்டு | நிலையான வாடகை | விலை ஏற்றம் கை நழுவும். கட்டடச் செலவு | நிலம் மோசம், குத்தகைதாரர் முதலோடு வருகிறார் |
| ஆண்டுக் குத்தகை | விலையோடு மாறும் வாடகை | நீண்டகால முதலீடு வராது | நிலம் ஏற்கெனவே நன்று, நிலக்கிழார் ஊரில் இருக்கிறார் |
| சொந்த உழவு | அறுவடையைப் பொறுத்து | எல்லா நட்டமும் ஒருவருக்கே | மாதிரிப் பண்ணை, அல்லது ஆள் கிடைக்காத காலம் |

இங்கிலாந்தில் குத்தகைதாரரின் முதலும் பாதுகாப்பும் சேர்ந்து செய்த வேலையை, நிலக்கிழார் என்ற பதவி தானாகச் செய்ததாக நினைத்துக்கொண்டதன் விளைவை நம் பக்கமும் அனுபவித்தது. 1793-ல் காரன்வாலிஸ் வங்காளத்தில் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்துக்குப் பின்னால், ஜமீன்தார் நிலத்தை முன்னேற்றுவார் என்ற ஆங்கில நம்பிக்கை இருந்தது. 1802-ல் அதே திட்டம் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளுக்கு வந்தது. நிலவரி நிரந்தரமானது, உழுதவருக்கு 21 ஆண்டு உறுதி போல ஒன்றும் சேர்ந்து வரவில்லை.

## காடு: எதை வளர்ப்பது

### மறுதாம்புக் காடு, இடையிடையே பெரிய மரம்

ஆங்கிலேயர் காப்பிஸ் என்று சொல்லும் முறை. ஹேசல், ஆஷ், செஸ்ட்நட் போன்றவற்றைத் தரையோடு வெட்டி, கட்டையிலிருந்து மறுபடி தழைக்க விடுவது. நம் யூகலிப்டஸ் தோப்பில் செய்வதும் இதுதான். ஹேசல் ஏழெட்டு ஆண்டில் தயார், பீருக்குச் சுவை சேர்க்கும் ஹாப்ஸ் கொடியைப் படரவிடும் கம்புக்கு இன்னும் சில ஆண்டு, தோல் பதனிட ஓக் பட்டை வேண்டுமானால் இருபதை ஒட்டி. 144 ஏக்கரைப் பன்னிரண்டு துண்டாக்கி வருடம் பன்னிரண்டு ஏக்கர் வெட்டினால், வாடகை மாதிரியே ஆண்டுதோறும் பணம் வரும். வேலிப் படல், ஆட்டுப் பட்டி, கூரைக்கான குச்சி, விறகு எல்லாம் குத்தகைதாரர்களே வாங்குவார்கள், ஆகவே தூரப் பயணமும் இல்லை. நடுவில் பெரிய மரங்களை விட்டு வைப்பதும் சட்டம்: 1543-ன் சட்டப்படி ஏக்கருக்குப் பன்னிரண்டு.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று வேலி: வெட்டிய துண்டில் மாடும் மானும் நுழைந்து இளம் தளிரைக் கடித்தால் பன்னிரண்டு ஆண்டு வருமானம் போச்சு. இன்னொன்று வரி, இதைப் பலர் கவனிப்பதில்லை. இருபது ஆண்டு தாண்டிய பெரிய மரத்துக்கு 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே தேவாலயத்தின் பத்தில் ஒரு பங்கு கிடையாது, மறுதாம்புக்கு உண்டு. 1601-ன் ஏழைகள் நிவாரணச் சட்டம் விற்பனைக்குரிய சிறுமரக் காட்டைப் பெயர் சொல்லி வரிக்குள் கொண்டுவந்தது. பெரிய மரம் தப்பித்தது. ஏக்கருக்கு வருமானம் ஒப்பிடும்போது இந்த இரண்டையும் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

சந்தை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கென்ட்டில் ஹாப்ஸ் இருக்கும் வரை கம்புக்குக் கிராக்கி இருந்தது. மரக்கரியை நம்பிய காடுகளுக்கு அப்படி இல்லை. 1709-ல் ஆபிரகாம் டார்பி கோல்புரூக்டேலில் நிலக்கரியிலிருந்து செய்த கோக்கால் இரும்பு உருக்கினார், நூற்றாண்டின் பிற்பாதியில் அது பரவியது, சசெக்ஸ் வீல்ட் பகுதியின் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

### ஓக் மரத்தை முதிர விடுவது

கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி போர்க்கப்பலுக்கு 1759-ல் அடிமரம் வைத்தார்கள், ஏறத்தாழ 6,000 மரங்கள் போயின, பெரும்பாலும் ஓக். இதைக் கேட்டதும் ஓக் நட்டால் பெரும் பணம் என்று தோன்றும். கணக்கு வேறு. அன்று சட்டப்படி வாங்கக்கூடிய உச்ச வட்டி 5 சதவீதம். அந்த வட்டியில் ஒரு பவுண்ட் நூறு ஆண்டில் 131 பவுண்ட் ஆகும். அரசுக் கடன் பத்திரத்தின் 3 சதவீதத்தில்கூட 19 பவுண்ட். நூறு ஆண்டு நிற்கும் மரம் அந்த 131-ஐ எட்டுவது மிகக் கடினம், அதற்குள் புயல் வேறு: 1703-ன் பெரும் புயலில் டீன் காட்டின் ஒரு பகுதியில் மட்டும் 3,000 ஓக் விழுந்ததாக ஜான் ஈவ்லின் எழுதினார்.

அப்படியென்றால் ஏன் வளர்த்தார்கள்? ஏற்கெனவே நிற்கும் ஓக் காடு குடும்பத்தின் சேமிப்பு. மகளுக்குச் சீர், எரிந்த வீட்டைக் கட்டுவது, அப்பாவின் கடன் எல்லாவற்றுக்கும் நிலத்தை விற்க முடியாத சட்டத்தில், விற்கக்கூடிய ஒரே பெரிய பொருள் மரம். அதே காரணத்தால் அது சீக்கிரம் சூறையாடப்பட்டது. நாட்டிங்கம்ஷயரின் நியூஸ்டெட் எஸ்டேட்டில் ஐந்தாவது பைரன் பிரபு காட்டை வெட்டித் தள்ளினார், மகன் மேல் இருந்த கோபம் என்று சொன்னார்கள். 1798-ல் எஸ்டேட்டைப் பெற்ற சிறுவன், பின்னாளில் கவிஞரான பைரன், மொட்டையான நிலத்தைத்தான் பெற்றான்.

விற்கும் நேரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. குளிர்காலத்தில் வெட்டிய ஓக் நீடித்து உழைக்கும். ஆனால் பட்டை உரிவது சாறு ஏறும் வசந்தத்தில்தான், பட்டைக்குத் தோல் பதனிடுவோர் நல்ல காசு கொடுத்தார்கள். ஆகவே விற்பவர் வசந்தத்தில் வெட்டினார், கப்பலுக்கு அது கேடு. மறுபுறம் இந்தப் பற்றாக்குறை நம் மேற்குக் கரை வரை வந்தது. 1806-ல் மலபார் தேக்குக்கென்றே கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு காட்டு அதிகாரியை அமர்த்தியது.

### புதிதாக நடுவது

ஸ்காட்ஸ் பைன், லார்ச், இடையில் ஓக், பீச். 1754-ல் தொடங்கிய கலைகள் ஊக்குவிப்புச் சங்கம் மரம் நட்டவர்களுக்குப் பதக்கம் கொடுத்தது, ஆகவே இது நாகரிகமாகவும் ஆனது. உழவுக்கு உதவாத மேட்டு நிலத்தில் மட்டும் இது சரி. பதினைந்து இருபது ஆண்டில் நெருக்கத்தைக் குறைக்கக் கலைத்து, அதாவது இடையிடையே வெட்டி, எடுக்கும் இளம் மரங்கள் கம்பாக, கைமரமாக விலைபோகும்.

பலர் தோற்றது கலைப்பதில்தான். நெருக்கி நட்டுவிட்டு, வெட்ட மனம் வராமல் விட்டு, எல்லா மரமும் ஒல்லியாக நீண்டு வீணாகும். வோபர்னில் நான்காவது பெட்ஃபோர்ட் கோமகன் கலைக்கச் சொன்னபோது தோட்டக்காரர் தன் பெயர் கெட்டுவிடும் என்று மறுத்ததாகவும், "தோட்டக்காரரின் ஆலோசனைக்கு எதிராகக் கோமகனே கலைத்தது" என்று பலகை வைத்துவிட்டுக் கோமகன் வெட்டியதாகவும் ஒரு கதை உண்டு. கோமகன் செய்ததுதான் சரி.

நட்டவர் தன் ஆயுளில் பலனைப் பார்ப்பாரா? சைரன்செஸ்டரில் காடு வளர்த்த முதல் பாதர்ஸ்ட் பிரபு 1684-ல் பிறந்து 1775 வரை வாழ்ந்து, தன் மரங்களுக்கு அடியில் நடந்தார். அவர் அதிர்ஷ்டசாலி, அவரை வைத்துத் திட்டம் போடக் கூடாது.

காட்டை அழித்து உழுவது நான்காவது வழி. 1790-களின் கோதுமை விலை பலரை அந்தப் பக்கம் இழுத்தது. கட்டையும் வேரும் தோண்டும் கூலி முதல் பயிரின் லாபத்தைத் தின்றுவிடும், பத்திரமும் பெரும்பாலும் இடம் கொடுக்காது, மறுதாம்புக் கட்டைகளைத் தோண்டி எறிந்தால் திரும்ப உண்டாக்க ஒரு தலைமுறை ஆகும். ஆழ்ந்த களிமண், தட்டையான நிலம், பக்கத்தில் சந்தை, மூன்றும் சேர்ந்தால் ஒழிய வேண்டாம்.

## இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம்: வேலி மரம்

இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இந்தப் பகுதிதான். பண்ணையின் உயிர்வேலியில் நிற்கும் ஓக், ஆஷ், எல்ம் இருபது ஆண்டு தாண்டினால் அது சட்டப்படி பெரிய மரம். குத்தகைப் பத்திரம் அதை நிலக்கிழாருக்கு என்று ஒதுக்கிவிடும். குத்தகைதாரருக்கு வேலி கட்ட, ஏர் செய்ய, வீடு பழுது பார்க்க அளவாக மரம் எடுக்கும் பழைய உரிமையும், ஏற்கெனவே தலைவெட்டப்பட்ட மரங்களின் கிளையும் மட்டும். ஆனால் அந்த மரத்தின் நிழல் விழுவது அவருடைய பார்லியின் மேல், வேர் உறிஞ்சுவது அவர் அடித்த மார்லை. ஆஷ் மரத்தை விவசாயிகள் குறிப்பாக வெறுத்தார்கள்.

அதே வேலி ஓக்தான் கப்பல்துறைக்கு மிகவும் பிடித்தது. திறந்த வெளியில் வளர்வதால் கிளை வளைந்து தடிக்கும். கப்பலின் வளைவுக் கட்டைகளுக்கு அடர்ந்த காட்டின் நேரான மரம் உதவாது. நிலக்கிழாருக்கு மிக மதிப்பான மரம், குத்தகைதாரருக்கு மிகத் தொல்லையான மரம், இரண்டும் ஒன்றே. நிழல் தாங்காத விவசாயி ஒரு காலையில் அதன் தலையைச் சீவிவிடுவார். தலை போனால் அது இனிமேல் பெரிய மரம் ஆகாது, கிளை அவருடைய விறகு. காரியஸ்தர்களின் குறைப்பட்டியலில் இது திரும்பத் திரும்ப வரும் புகார்.

குத்தகை முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைத் தீர்க்க வேண்டும். 21 ஆண்டு கொடுக்கிறீர்கள் என்றால், எந்த வேலியில் எத்தனை மரம் நிற்கும் என்று கையெழுத்துக்கு முன்பே சேர்ந்து நடந்து எண்ணி, நிழலுக்கு வாடகையில் குறைத்து, மிச்சத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். ஆண்டுக் குத்தகையில் அவரைப் பயமுறுத்தி மரத்தைக் காப்பாற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு: ஆடு கட்டியிருந்தது, பட்டை உரிந்துவிட்டது என்று அவர் சொன்னால் நீங்கள் எதை நிரூபிப்பீர்கள்?

கூலிக்காரக் குடும்பங்களையும் இங்கேயே பேசியாக வேண்டும். அவர்களுக்கு நிலமும் இல்லை, குத்தகையும் இல்லை. குளிர்காலம் தாண்டக் காய்ந்த விறகு வேண்டும். 1723-ன் கறுப்புச் சட்டம், சாலை வரிசையிலோ தோப்பிலோ நட்ட மரத்தை அழித்தவரைத் தூக்கில் போட வழி செய்தது. வேலி போட்டுப் புதிதாக நட்ட மேட்டு நிலம் ஒவ்வொன்றும் பல நேரம் யாரோ விறகு பொறுக்கிய இடம். வில்ட்ஷயரில் கிரேட் விஷ்ஃபோர்ட் மக்கள் குரோவ்லி காட்டில் விறகெடுக்கும் உரிமையை 1603-ல் எழுத்தில் உறுதி செய்துகொண்டார்கள், அதனால் அது நிலைத்தது. எழுத்தில் இல்லாதவர்களுக்கு அந்த உரிமை போனது. நடும் செலவுக் கணக்கில் இவர்களுக்கு ஒதுக்கும் விறகுத் துண்டையும் ஒரு வரியாக எழுதாத திட்டத்தை நான் நல்ல நிர்வாகம் என்று சொல்ல மாட்டேன்.

## எந்த நிலைமைக்கு எது

கடனோடு வந்த எஸ்டேட், பத்திரம் மரம் வெட்ட இடம் தருகிறது. முதிர்ந்த ஓக்கில் ஒரு பகுதியை விற்றுக் கடனை அடையுங்கள். உயிர்க் குத்தகை முன்தொகையைத் தொட வேண்டாம், அது அடுத்த முப்பது ஆண்டை விற்பது. வெட்டிய இடத்தை மறுதாம்பாக்கி வேலி போடுங்கள், வருட வருமானம் அங்கிருந்து வரும்.

மணல் நிலம், மோசமான விளைச்சல், முதலோடு ஆள் வருகிறார். 21 ஆண்டு, தயங்காமல். மர விற்பனைப் பணம் அவருடைய களஞ்சியத்துக்கு. உழவுக்கு ஆகாத மேட்டில் மட்டும் பைனும் லார்ச்சும், நடும்போதே கலைக்கும் வருடத்தைக் கணக்கில் குறித்து வையுங்கள்.

நல்ல களிமண் புல்வெளி, பழைய குடும்பங்கள், நீங்கள் ஊரிலேயே இருக்கிறீர்கள். ஆண்டுக் குத்தகை போதும். ஆனால் வடிகாலும் கட்டடமும் உங்கள் செலவு என்று ஏற்றுக்கொள்ளுங்கள், போகிறவர் போட்ட முதலுக்கு ஈடு கொடுக்கும் பழக்கத்தைத் தொடங்குங்கள், காட்டு முயலைக் குறையுங்கள்.

லண்டனில் வசிக்கிறீர்கள், காரியஸ்தர் பக்கத்து ஊர் வழக்கறிஞர், வருடம் இரண்டு முறை வாடகை நாளுக்கு மட்டும் வருவார். அப்படியானால் மேற்பார்வை அதிகம் கேட்கும் எதையும் எடுக்காதீர்கள். நிபந்தனை குறைந்த, புரியும்படியான 21 ஆண்டுக் குத்தகை. காட்டை வருடத் துண்டுகளாக நின்ற நிலையிலேயே ஏலம் விடுவது. வேலி மரங்களில் வரைபடத்தில் குறித்தவை மட்டும் உங்களுக்கு, மீதியைக் குத்தகைதாரருக்கே விட்டுவிடுங்கள்.